காளானா, கேப்பரா: 100 கிராம் கணக்கு எங்கே கோட்டை விடுகிறது

சமையலறை மேடையில் இப்போது இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, 250 கிராம் மொட்டுக் காளான் அடைத்த டப்பா. இன்னொன்று, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் உப்புநீரில் மூழ்கிக் கிடக்கும் கேப்பர் என்ற பூமொட்டு. இரண்டின் சத்து விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். 100 கிராம் பச்சைக் காளானில் 22 கலோரி, 100 கிராம் கேப்பரில் 23. புரதம் அதில் 3.1 கிராம், இதில் 2.4 கிராம். கொழுப்பு இரண்டிலுமே ஒரு கிராமுக்குள். எது உடம்புக்கு நல்லது என்று யாராவது கேட்டால், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் போலிருக்கும்.

இன்னும் கொஞ்சம் கீழே படித்தால் கேப்பர்தான் ஜெயிக்கிற மாதிரிகூடத் தெரியும். இரும்புச்சத்து கேப்பரில் 1.7 மில்லிகிராம், காளானில் 0.5. சுண்ணாம்புச்சத்து 40 மில்லிகிராமுக்கு எதிரே வெறும் 3. நார்ச்சத்து 3.2 கிராமுக்கு எதிரே 1. மக்னீசியம் 33க்கு எதிரே 9. வைட்டமின் கே கேப்பரில் 25 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கிறது. காளானில் இல்லவே இல்லை. இந்த வரிகளை மட்டும் எடுத்துப் போட்டு "காளானைவிடக் கேப்பரில் மூன்று மடங்கு இரும்புச்சத்து" என்று தலைப்பு வைத்தால், அது பொய்யில்லை. ஆனால் அதை நம்பிக் கடைக்குப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார்.

ஏனென்றால் கேப்பரை யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. நீர் வடித்த கேப்பர் ஒரு பெரிய கரண்டி அளவு எடுத்தால், அதாவது டேபிள்ஸ்பூனில், 9 கிராம்கூட வராது. 100 கிராம் என்றால் பதினொரு கரண்டிக்கு மேல். சின்ன ஜாடி மொத்தமும் காலி. அந்த ஒரு கரண்டியில் இருக்கும் இரும்புச்சத்து 0.14 மில்லிகிராம், நார்ச்சத்து 0.3 கிராம், கலோரி 2. மூன்று மடங்கு என்ற பெருமை கரண்டியில் ஏறியதும் காணாமல் போய்விடுகிறது. காளான் அப்படியில்லை. நடுத்தர அளவுக் காளான் ஒன்று சுமார் 18 கிராம் இருக்கும். ஆறு எடுத்து நறுக்கினால் 100 கிராம் தாண்டிவிடும். வதக்கினால் சுருங்கி ஒரு கைப்பிடி ஆகிவிடும், ஒருவர் சாதாரணமாகச் சாப்பிட்டுவிடுவார். ஆக, அட்டவணையில் இருக்கும் 100 கிராம் என்பது காளானுக்கு உண்மையான அளவு, கேப்பருக்குக் கற்பனை அளவு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதி ஒப்பீடு எல்லாம் தன்னால் வழிக்கு வரும்.

இரண்டும் ஒரே இனமும் இல்லை. காளான் பூஞ்சையின் உடல், செடி கொடி வகையில் சேராது. வெள்ளை மொட்டுக் காளான், பழுப்பு நிறக் காளான், தட்டு மாதிரி விரிந்த போர்ட்டபெல்லோ மூன்றும் ஒரே இனத்தின் வெவ்வேறு பருவங்களும் நிறங்களும்தான். கேப்பர் ஒரு முட்புதரின் மலராத மொட்டு. விரிவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கையால் கிள்ளி எடுக்க வேண்டும்; அதனால்தான் அதன் விலையும் அப்படி. 7 மில்லிமீட்டருக்குள் இருக்கும் குட்டி மொட்டுகளுக்கு மதிப்பு அதிகம். அதே செடியின் காய் கேப்பர்பெர்ரி என்று காம்போடு ஜாடியில் வரும், அது வேறு கதை. பறித்தவுடன் வாயில் போட்டால் மொட்டு கசக்கும், சாப்பிட முடியாது. உப்பிலோ உப்புநீரிலோ வினிகரிலோ ஊறின பிறகுதான் உணவாகிறது. இத்தாலியின் பன்டெல்லேரியா தீவில் வினிகர் பக்கமே போகாமல் கடல் உப்பை மட்டும் போட்டுப் பதப்படுத்துகிறார்கள். அந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் உண்டு.

உப்பில் ஊறியது என்று சொன்னேன் இல்லையா, ஒப்பீட்டின் முக்கியமான இடமே அதுதான்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுப்படி 100 கிராம் கேப்பரில் சோடியம் 2348 மில்லிகிராம். பச்சைக் காளானில் 5. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்பார்களே, அது இதுதான். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுக்க 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பாகச் சொன்னால் 5 கிராமுக்குள். ஒரு கரண்டி கேப்பரில் 200 மில்லிகிராம், அதாவது அந்த வரம்பில் பத்தில் ஒரு பங்கு. ஜாடிக்கு ஜாடி இது மாறும் என்பதால் லேபிளைப் பார்த்துவிடுவது நல்லது. உப்பில் புரட்டி வைத்த வகையை அப்படியே போட்டால் கணக்கு இன்னும் மேலே போகும். அதை நீரில் ஊறவைத்து, நீரை ஒன்றிரண்டு முறை மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும். உப்புநீரில் இருப்பதை வடிகட்டியில் போட்டுக் குழாயடியில் அலசினாலே கணிசமாக உப்பு இறங்கும். அலசினால் ருசி போய்விடும் என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் காரமும் புளிப்பும் அவ்வளவு சீக்கிரம் விட்டுப்போகாது.

எதிர்ப்பக்கம் பொட்டாசியம். காளானில் 318 மில்லிகிராம், கேப்பரில் 40. இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை சோடியம் குறைவாகவும் பொட்டாசியம் தாராளமாகவும் இருக்கும் உணவுதான் வேண்டும். காளான் அந்த வடிவத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது, கேப்பர் தலைகீழாக நிற்கிறது.

இங்கே காளான் பக்கம் நின்று பேசுகிறவர்களுக்கு ஒரு குட்டு. பச்சைக் காளானையும் ஊறின கேப்பரையும் ஒப்பிடுவது முழு நியாயம் இல்லை. டின்னில் அடைத்த காளானை எடுத்துப் பாருங்கள்: நீரை வடித்த பிறகும் 100 கிராமில் 425 மில்லிகிராம் சோடியம், பொட்டாசியம் 129க்கு இறங்கிவிடுகிறது. புரதமும் 1.9 கிராம்தான். பாதி குற்றம் பதப்படுத்தும் முறையுடையது, மொட்டுடையது மட்டும் இல்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் காளானைப் பற்றிச் சொல்லும் நல்லதெல்லாம் டப்பாவில் பச்சையாக வரும் காளானுக்குத்தான். டின் காளானுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காளானில் என்னதான் இருக்கிறது? பாதிக்கு மேல், ஏன், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். நான் சொன்ன அந்த 250 கிராம் டப்பாவில் 230 கிராம் தண்ணீர். மற்ற எல்லாம் சேர்த்து 20 கிராம்கூடத் தேறாது. அந்த 20 கிராமுக்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் பி வகை வைட்டமின்களும் தாது உப்புகளும். 100 கிராமில் ரிபோஃப்ளேவின் எனப்படும் பி2 0.4 மில்லிகிராம், ஒரு நாள் தேவையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. நியாசின் 3.6 மில்லிகிராம், கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. பேன்டோதெனிக் அமிலம் 1.5 மில்லிகிராம், தாமிரம் 0.32 மில்லிகிராம், இவையும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும். செலினியம் 9 மைக்ரோகிராம் அளவு, ஆனால் இது காளான் வளர்ந்த படுகையைப் பொறுத்து நிறைய மாறும். 22 கலோரிக்குள் இவ்வளவு கொடுக்கும் பொருள் அதிகம் இல்லை. தாமிரத்தில் கேப்பரும் 0.37 என்று முந்துகிறது, ஆனால் மறுபடியும் அந்தக் கரண்டிப் பிரச்சினை.

ஒன்றை மட்டும் காளானில் எதிர்பார்க்காதீர்கள்: பி12. அது இருக்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். இருக்கிறதுதான், 100 கிராமில் 0.04 மைக்ரோகிராம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. அதைக் காளானில் மட்டும் எடுக்க வேண்டும் என்றால் ஆறு கிலோ சாப்பிட வேண்டும். அசைவமும் பாலும் தொடாதவர்கள் பி12 வேறு வழியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

புரதத்திலும் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. உணவில் நைட்ரஜனை அளந்து, அதை 6.25 ஆல் பெருக்கித்தான் வழக்கமாகப் புரதக் கணக்குப் போடுவார்கள். காளானுக்கு மட்டும் 4.38 ஆல் பெருக்குகிறார்கள். காளானின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது, பூச்சிகளின் ஓட்டில் இருக்கும் அதே பொருள். அதிலும் நைட்ரஜன் உண்டு, ஆனால் அது புரதம் இல்லை. பழைய கணக்கில் போட்ட எண்களை வைத்துக்கொண்டு "காளான் இறைச்சிக்குச் சமம்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். 3 கிராம் புரதம் ஒரு காய்க்கு நல்ல எண். இறைச்சிக்கு ஈடு இல்லை.

அதே கைட்டின்தான், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் காளான் குழையாமல் நிற்பதற்கும் காரணம். பச்சையாகத் தின்றால் செரிப்பது கடினம். தவிர, மொட்டுக் காளானில் அகாரிடின் என்ற ஒரு வேண்டாத பொருள் இயல்பாகவே இருக்கிறது, சூடாக்கினால் பெருமளவு குறைந்துவிடும். ஷிடாக்கே காளானைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிட்டுச் சாட்டையால் அடித்த மாதிரித் தோலில் தடிப்பு வந்தவர்கள் உண்டு. எனவே காளானைச் சமைத்தே சாப்பிடுங்கள். ஆனால் வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் பி வைட்டமினும் பொட்டாசியமும் அந்த நீரோடு போய்விடும்.

இப்போது வைட்டமின் டி. காளானின் விசேஷம் என்று எதையாவது ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இருட்டறையில் வளர்ந்த மொட்டுக் காளானில் வைட்டமின் டி 100 கிராமுக்கு 0.2 மைக்ரோகிராம், ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காளானில் எர்கோஸ்டெரால் என்று ஒரு பொருள் இருக்கிறது. நம் தோலில் வெயில் பட்டால் டி உருவாவது மாதிரி, எர்கோஸ்டெராலில் புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆக மாறிவிடும். பறித்து நறுக்கி வைத்த காளானிலும் இது நடக்கும், அதுதான் வேடிக்கை. காளானை வில்லைகளாக நறுக்கி, அல்லது முழுசாகக் கவிழ்த்து அடிப்பக்கச் செவுள் மடிப்புகள் மேலே தெரியும்படி தட்டில் பரப்பி, நடுப்பகல் வெயிலில் கால் மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் வரை வைத்தால் 100 கிராமில் 10 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் வந்துவிடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம் என்பது அமெரிக்க, ஐரோப்பியப் பரிந்துரை. ஜன்னலுக்கு உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வேலைக்கு ஆகாது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தொழில்முறையில் விளக்கு வைத்தே இதைச் செய்து, டப்பாவில் வைட்டமின் டி என்று போட்டு விற்கிறார்கள். அப்படிப்பட்ட வெள்ளைக் காளானில் 26 மைக்ரோகிராம்வரை இருப்பதாக அதே அமெரிக்கத் தரவு சொல்கிறது. சமைத்தாலும் பெரும்பகுதி நிற்கும். டி2 என்பது விலங்கு வழி டி3 அளவுக்குச் சக்தியானது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் வெயிலில் தட்டை வைத்து எடுக்கிற வேலைக்கு இது நல்ல கூலி. கேப்பருக்கு இந்த வித்தை தெரியாது.

எர்கோதியோனைன் என்று ஒரு பொருளைப் பற்றியும் இப்போது நிறையப் பேச்சு. நம் உடம்பு தானாகச் செய்துகொள்ளாத, உணவிலிருந்து மட்டுமே எடுக்கும் அமினோ அமிலம் அது. காளான்தான் அதற்கு முதன்மையான ஊற்று. சிப்பிக் காளானில் மொட்டுக் காளானைவிட அதிகம். அதைச் சாப்பிட்டால் இந்த நோய் போகும், அந்த நோய் வராது என்று யாராவது உறுதி கொடுத்தால் மட்டும் காதில் வாங்காதீர்கள்.

சரி, கேப்பருக்கு வருவோம். கரண்டிக் கணக்கில் எல்லாவற்றையும் தோற்றுப்போன கேப்பர் ஒரே ஒரு இடத்தில் மார்தட்டி நிற்கிறது: குவர்செட்டின். தாவரங்களில் இருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் அது. அமெரிக்கத் தரவுகளில் ஜாடிக் கேப்பர் 100 கிராமில் 170 மில்லிகிராமுக்கு மேல் குவர்செட்டின் இருக்கிறது. அன்றாட உணவுகளில் இவ்வளவு அடர்த்தியாக வேறெதிலும் கிடைப்பது அபூர்வம். கரண்டிக்கு இறக்கிப் பார்த்தாலும் 15 மில்லிகிராம். சமைக்காத வெங்காயம் 100 கிராமில் இருப்பது சுமார் 20 என்பதை நினைத்தால், ஒரு கரண்டி மொட்டு 75 கிராம் வெங்காயத்துக்கு நிகர். 9 கிராம்கூட வராத ஒரு கரண்டிக்கு இது சாதாரண விஷயம் இல்லை. இந்தப் பொருள் இருந்தால் ஆயுள் கூடும் என்று நான் சொல்ல வரவில்லை. அட்டவணையில் சுருங்காத ஒரே எண் இது என்பதுதான் விஷயம்.

இதையொட்டி என் முட்டாள்தனம் ஒன்று. முதன்முதலில் கேப்பர் வாங்கினபோது பல மொட்டுகளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தது. பூசணம் பிடித்துவிட்டது என்று முழு ஜாடியையும் குப்பையில் கவிழ்த்தேன். அடுத்த ஜாடியிலும் அதே புள்ளி. அப்புறம்தான் தெரிந்தது, அது ரூட்டின் என்ற பொருள் படிகமாகி மேலே வந்து நிற்பது. குவர்செட்டினோடு சர்க்கரை சேர்ந்த வடிவம்தான் ரூட்டின். பூசணம் என்றால் பஞ்சு மாதிரி இழை விட்டு உப்புநீர் மேல்மட்டத்தில் மிதக்கும், நாற்றமும் காட்டிக்கொடுக்கும். மொட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான சிறு புள்ளி அது இல்லை. காசு கொடுத்து வாங்கினதில் எது மேல் என்று சொல்வார்களோ அதையே பார்த்து எறிந்திருக்கிறேன்.

கேப்பரின் மூக்கில் ஏறும் காரத்துக்கும் காரணம் உண்டு. கடுகிலும் முட்டைக்கோசிலும் இருப்பது மாதிரி கந்தகம் கலந்த ஒரு பொருள் மொட்டில் இருக்கிறது; ஊறும்போது உடைந்து கடுகெண்ணெய் வகைக் காரமாக மாறுகிறது. காளானின் ருசி வேறு திசை. அதில் குளுட்டமேட் இயல்பாகவே இருக்கிறது, அதனால் உப்புக் குறைவாகப் போட்டாலும் வாய் நிறைந்த ருசி கொடுக்கும்.

இனி யாருக்கு எது? காய் என்று ஒன்றைத் தட்டில் வைக்க வேண்டும், வயிறும் நிறைய வேண்டும், எடையும் ஏறக்கூடாது என்றால் யோசிக்கவே வேண்டாம், காளான். எண்ணெயில் மட்டும் கவனம். காளான் எண்ணெயைப் பஞ்சு மாதிரிக் குடிக்கும்; ஒரு பெரிய கரண்டி எண்ணெய் 120 கலோரி, அதாவது அரை கிலோ காளானின் கலோரிக்கு மேல். இரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கும் காளான்தான். கேப்பர் வேண்டும் என்றால் அலசி, அளந்து. சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் இரண்டுமே மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டியவை, ஒன்றில் பொட்டாசியம், மற்றதில் சோடியம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கேப்பரில் இருக்கும், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கேயை நினைத்துப் பயப்படுவதுண்டு. ஒரு கரண்டியில் அது 2 மைக்ரோகிராம்தான். எப்போதாவது ஒரு கரண்டி, பெரிய விஷயம் இல்லை.

காட்டில் தானாக முளைத்ததைப் பறித்து ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டுமே ஆபத்து. மரணத்தொப்பி என்ற காளானின் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் அழியாது, கல்லீரலைத் தின்றுவிடும். கேப்பர் ஸ்பர்ஜ் என்று ஒரு செடியின் காய் பார்க்கக் கேப்பர் மாதிரியே இருக்கும், விஷம்.

எனக்குக் கேட்டால், இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியதே வீண் சண்டை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்; காளானில் இல்லாதது அந்த உப்புதான், கேப்பரிடம் கொட்டிக் கிடப்பதும் அதுதான். நேற்று செய்தது இது: 250 கிராம் காளானை நறுக்கி, எண்ணெய் விடாமல் அகலமான வாணலியில் பரப்பினேன். முதலில் கீச்கீச்சென்று சத்தம், அப்புறம் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீர் வற்றி, ஓரம் பொன்னிறமானதும் ஒரு சிறு கரண்டி எண்ணெய். பக்கத்திலேயே அலசித் துடைத்த ஒரு பெரிய கரண்டி கேப்பரைப் போட்டதும் மொட்டுகள் சடசடவென்று பொரிந்து, குட்டிப் பூ மாதிரி இதழ் விரிந்தன. தனியாக உப்புப் போடவில்லை. அலசியதைக் கணக்கில் எடுக்காவிட்டால்கூட வாணலி முழுவதிலும் சோடியம் 215 மில்லிகிராம்தான். கேப்பருக்குப் பதிலாகக் கால் தேக்கரண்டி உப்புப் போட்டிருந்தால் 580ஐத் தாண்டியிருக்கும். இரண்டு பேர் சாப்பிட்டோம். மிச்சமிருந்த நாலு மொட்டுகளை யார் எடுப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் தகராறு.